பூஜ்யம் எடுத்த வார்டு

அந்த மருத்துவமனையில் எல்லோரும் அவளை மார்க் சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். நேரில் வெறும் சிஸ்டர், முதுகுக்குப் பின்னால் மார்க். பாதி வாழ்நாளை வார்டில் ஓடியாடிக் கழித்த நர்ஸ்தான் அவளும். ஒரு நாள் கனமான நோயாளி ஒருவரைக் கட்டிலில் புரட்டிவிடும்போது முதுகு பிடித்துக்கொண்டது. பிடித்தது பிறகு விடவே இல்லை. இனிமேல் நீங்கள் ஆளைத் தூக்கக்கூடாது என்று சொல்லி, புதிதாகத் திறந்த தரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிவு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். சலவைக் கிடங்குக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சலவை இயந்திரம் ஓடும்போதெல்லாம் தடதடக்கும் ஒரு ஜன்னல். பிரிவின் மொத்த ஆள் பலமும் அவள் ஒருத்திதான்.

அவளைக் கேட்டால் நான் மார்க் போடவில்லை, எண்ணுகிறேன் என்பாள். எந்த வார்டில் எத்தனை நோயாளிகள் விழுந்தார்கள், படுத்தே கிடந்து எத்தனை பேருக்குப் புண் வந்தது, வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்து படுத்தார்கள், இப்படி. மாதக் கடைசியில் அந்த எண்களை ஒரு பலகையில் ஏற்றி எல்லோரும் நடக்கிற வழியில் மாட்டுவார்கள். நல்ல எண்ணுக்குப் பச்சை, மோசமான எண்ணுக்குச் சிவப்பு. சிவப்பைப் பார்த்த பிறகு நான் எண்ணத்தான் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்? கேண்டீனில் அவள் போய் உட்காரும் மேஜை கொஞ்ச நேரத்தில் காலியாகிவிடும்.

இதில் பெரிய வேடிக்கை, அவள் யாருக்கும் தீர்ப்புச் சொல்லத் தெரியாதவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் அப்பா பெயிண்டர். இரண்டு டப்பாவைத் திறந்து வைத்து, "எது நல்ல வெள்ளை, சொல்லு பாப்போம்" என்று கேட்டுவிட்டு அவர் ஒரு சுவர் முழுவதையும் அடித்து முடித்துவிடுவார். இவள் அப்போதும் டப்பாவுக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்பாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் புருஷன், ஜன்னல் திரை வாங்கக்கூட அவளைக் கடைக்குக் கூட்டிப் போக மாட்டான். "நீ வந்தா கடைக்காரன் ஷட்டரை இறக்கினப்புறமும் நாம உள்ளேதான் இருப்போம்" என்பான். அப்படிப்பட்டவளைப் பிடித்துத்தான் பெரிய டாக்டர் ஒரு தீர்ப்பு வேலையைக் கொடுத்தார்.

"சிஸ்டர், நாம இத்தனை அளவுகோல் வச்சிருக்கோமே, ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க" என்றார். "எதை அளக்கணும்னு நினைச்சமோ அதைத்தான் அளக்குதா? அளந்ததால யாருக்காவது நல்லது நடக்குதா? ரெண்டே கேள்வி. இருக்கட்டும், இல்ல வேண்டாம்னு எழுதிக் குடுங்க. இனிமே வார்டுப் பொறுப்பு யாருக்குன்னு இதை வச்சுத்தான் முடிவு பண்ணப் போறேன்."

இரண்டே கேள்வியாம். இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். பெரிய டாக்டர் முன்னால் யாரும் தலையைத்தான் ஆட்டுவார்கள்.

முதலில் புறநோயாளிகள் காத்திருக்கும் நேரத்தை எடுத்தாள். ஆறே மாதத்தில் பாதியாகக் குறைந்து பலகையில் பச்சைப் பசேலென்று இருந்தது. சந்தோஷமாகப் போய்ப் பார்த்தால், டோக்கன் கொடுக்கும் ஆள் டாக்டர் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஜன்னலையே திறக்கிறார். டோக்கன் வாங்கினால்தானே காத்திருப்பு தொடங்கும்? அதுவரை ஜனங்கள் வாசலில் வெயிலில் நிற்கிறார்கள், அது யார் கணக்கிலும் இல்லை. சரி போகட்டும் என்று படுக்கைப் புண்ணுக்கு வந்தாள். தினமும் நோயாளியைத் திருப்பிப் போட்டு முதுகைப் பார்க்கிற வார்டில் புண் அதிகமாகத் தெரிந்தது, பார்க்காத வார்டில் புண்ணே இல்லை. திரும்பி வந்து படுப்பவர்களின் கணக்கு எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. செத்துப்போனவர் திரும்பி வருவதில்லை, அதனால் அவரும் நல்ல எண்ணில் சேர்ந்துவிடுகிறார். இதைக் கண்டுபிடித்த அன்று அவள் கம்ப்யூட்டரை அணைத்தே விட்டாள். அப்படியென்றால் எல்லாம் பொய்யா என்றால் அதுவும் இல்லை. புண் எண்ண ஆரம்பித்த பிறகுதான் பாதி வார்டுகளில் ஆட்களைத் திருப்பியே போட ஆரம்பித்தார்கள், அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அப்போது இருக்கட்டும் என்று எழுதுவதா, வேண்டாம் என்று எழுதுவதா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

கடைசியாக மிஞ்சியது விழுகிற கணக்கு. அதில்தான் வினையே இருந்தது.

எலும்பு முறிந்தவர்கள் தேறுவதற்கு அங்கே இரண்டு வார்டுகள், கிழக்கு, மேற்கு என்று. கிழக்கு வார்டின் பொறுப்பு நர்ஸுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவு மெத்தென்று பேசுவாள். அவள் வார்டில் ஒரு வருடத்துக்கும் மேலாக ஒருவரும் விழவில்லை. பூஜ்யம். மற்ற இடத்தில் பூஜ்யம் வாங்கினால் அவமானம், இங்கே அதுதான் முதல் மார்க். மேற்கு வார்டின் பொறுப்பு நர்ஸ், இடி. அவள் வாயைத் திறந்தால் சலவைக் கிடங்கு வரை கேட்கும். இடியும் மார்க் சிஸ்டரும் ஒரே வருடம் பயிற்சியில் சேர்ந்து, ஒரே அறையில் தங்கி, ஒரே சோப்பைப் பங்கு போட்டவர்கள். இடியின் வார்டில் மாதம் தவறாமல் யாராவது விழுவார்கள், பலகையிலும் மாதம் தவறாமல் சிவப்பு. விழுகிற கணக்கு இருக்கட்டும் என்று முடிவானால் இடி அந்த வார்டில் நிற்க முடியாது. இடி இதைப் பற்றித் தோழியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது தேவலை என்று இவளுக்கு இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் அப்பா விழுந்தார். ஏணிமேல் நின்றே ஆயுசைக் கழித்து ஒரு தடவைகூடத் தவறாதவர், செருப்பு தடுக்கி வாசலில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்.

"இதை வெளியே சொல்லிடாதேம்மா" என்றார் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே. "மாடியிலிருந்து விழுந்தேன்னு சொல்லு. ஒரு மரியாதையா இருக்கும்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கு மேல்தான் கேள்வி. அப்பா இருந்தது அவள் வீட்டு மாடியில், வெளிப்படிக்கட்டு ஏறிப் போகிற தனி அறையில். கீழே அவளும் புருஷனும் பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள், அங்கே இன்னொரு கட்டில் போட இடம் கிடையாது. படியேற முடியாவிட்டால் வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத்தான் அப்பா போக வேண்டும். அப்பாவும் அண்ணனும் எலியும் பூனையும். "அவன் ஹால்ல டி.வி. பக்கத்துல என்னையும் ஒரு சாமானா வச்சுடுவான். தினம் தூசி தட்டுவான், அதுக்கு மேல ஒண்ணும் இல்லை" என்று அப்பா சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டில் ஒதுக்கும் குமாஸ்தா கேட்டார்: "ரெண்டு வார்டுலயும் இடம் இருக்கு சிஸ்டர். நீங்க ஸ்டாஃப், உங்க இஷ்டம். கிழக்கா, மேற்கா?"

அவள் நின்றாள். போனில் அண்ணன், "நீதானே எல்லாத்துக்கும் மார்க் போடறே. எது நல்ல வார்டுன்னு உனக்குத் தெரியாதா?" என்றான். அவளுக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை. இடியின் கை எப்படிப்பட்ட கை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இடியின் வார்டில் விழுந்தவர்கள் ஒவ்வொருவரையும் அவளே எண்ணியிருக்கிறாள். பின்னால் வரிசை சேர்ந்துகொண்டிருந்தது, குமாஸ்தா பேனாவால் மேஜையைத் தட்டினார். விழுந்து உடைந்த அப்பா இன்னொரு தடவை விழுவதை நினைத்துப் பார்த்தாள். உடனே வாய் "கிழக்கு" என்றது.

கிழக்கு வார்டில் அப்பாவை ராஜா மாதிரி பார்த்துக்கொண்டார்கள். துவைத்த விரிப்பு, நேரத்துக்கு மாத்திரை, கூப்பிட்ட குரலுக்கு ஆள். கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பியை உயர்த்தி விட்டிருந்தார்கள். எது வேண்டுமானாலும் மணி அடிக்கலாம், இறங்க மட்டும் கூடாது. கழிவறைக்கும் போக வேண்டாம், பாத்திரம் படுக்கைக்கே வந்துவிடும். நடைப்பயிற்சிக்கு ஒருவர் வருவார், அதுவும் பிடித்துக்கொள்ள இரண்டு ஆள் கிடைக்கும் நாளில்தான்.

"என்னைத் தொட்டில்ல போட்டுட்டியேம்மா" என்றார் அப்பா. "பாட்டுதான் பாடலை, மத்தபடி குறை ஒண்ணும் இல்லை."

அவள் பஞ்சுவிடம் போனாள். அப்பாவின் மகளாகப் போனாளா, தரப் பிரிவாகப் போனாளா என்பது அவளுக்கே தெளிவாக இல்லை. வார்டில் ஒருவரும் விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று கேட்டாள்.

"நடக்க விட்டாத்தானேக்கா விழுவாங்க" என்றாள் பஞ்சு, அதே மெத்தென்ற குரலில்.

"அப்ப நடக்கவே விடறதில்லையா?"

"நீங்கதானேக்கா பயிற்சியில சொன்னீங்க, ஒருத்தர்கூட விழக்கூடாதுன்னு. முழங்கால் தரையில பட்டாக்கூட அது விழுந்ததுதான்னு சட்டம் போட்டது நீங்கதான். நான் அதை அப்படியே செய்றேன். தப்பாக்கா?"

பஞ்சு கேலி பண்ணவில்லை. உண்மையிலேயே கேட்டாள். அவள், "தப்பு இல்லை" என்று மென்று முழுங்கிவிட்டு வெளியே வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, பஞ்சு எதையும் மறைக்கவில்லை, எண்ணைத் திருத்தவும் இல்லை. இவள் எதைக் கேட்டாளோ அதைச் செய்து கொடுத்திருக்கிறாள். அப்படியானால் யாரைப் போய்த் திட்டுவது? திட்டத் தோதாக ஓர் ஆள் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

சரி, மேற்கு வார்டாவது தெளிவாக இருக்கும் என்று அங்கே போனாள். அங்கே ஒரே சந்தடி. வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒருவர், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவர், கழிவறைக்குத் தானாகவே போய்விட்டு வந்து ஜெயித்த முகத்தோடு ஒரு பெண்மணி. நடுவில் இடி. "பாட்டியம்மா வேஷம் போடாதீங்க, எழுந்திருங்க, உங்க காலை யாரும் திருடிட்டுப் போகலை" என்று யாரையோ வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க இவளுக்கு மனசு குளிர்ந்தது. இதுதான் வார்டு, அந்தக் கணக்கைக் கிழித்துப் போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள். அப்போது ஓரக் கட்டிலில், இடுப்புக் கட்டோடு மணிக்கட்டிலும் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒருவரைப் பார்த்தாள். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இங்கே விழுந்ததுதாம்மா" என்றார் அந்த அம்மாள். "ஒரு நிமிஷம் கையை விட்டாங்க. நல்லாத்தான் பாத்துக்கிறாங்க, குறை சொல்லக்கூடாது. ஆனா இவருக்குத் தையல் வேலை. வலது கை."

அவ்வளவுதான், குளிர்ந்த மனசு மறுபடி கொதித்தது. அந்தக் கையை எண்ணாமல் விடுவதா? எண்ண வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது?

அன்றைக்கு வீட்டில் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எத்தனை பேர் தங்கள் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்கள் என்று எண்ணினால் என்ன என்று அவளுக்கு ஒரு யோசனை. ஆனால் கிழக்கில் கிழவர்கள் அதிகமா, மேற்கில் அதிகமா? ரொம்பத் தளர்ந்தவர்களைக் குமாஸ்தா எந்தப் பக்கம் அனுப்புகிறார்? வரும்போதே நடக்காதவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இப்படி ஒன்றைத் தொட்டால் ஒன்று வந்தது. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் வேன்ல இத்தனை வருஷமா ஒரு பிள்ளைக்கும் அடிபட்டதில்லை. ஏன் தெரியுமா, அந்தத் தெருவுல ட்ராஃபிக் நகர்ந்தாத்தானே" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் சொன்னது தன் கேள்விக்குப் பதிலா இல்லையா என்று யோசிக்கப் போய் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

மறுநாள் அவள் கிழக்கு வார்டுக்குப் போய்த் தானே கட்டில் கம்பியை இறக்கினாள். "அப்பா, கொஞ்சம் நில்லுங்க பாப்போம்" என்றாள். அப்பா காலைத் தொங்கவிட்டார். வாக்கரைப் பிடித்தார். எழுந்தவருக்குத் தொடை வெடவெடவென்று ஆடியது. ஏணியில் வருடக்கணக்காக நின்ற கால் சுள்ளியாகச் சுருங்கிப் போயிருந்தது. உடனே உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாம்மா" என்றார். "பயமா இருக்கு."

அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் அதுவரை கேட்டதில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வயசானால் இப்படித்தான், எந்த வார்டில் இருந்தாலும் கால் இளைக்கும் என்று டாக்டர் சொன்னார், அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஒரே ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவளே அவள்தான். ஆனால் அந்த ஒரே ஆள் அப்பாவாக இருந்தார். அன்று மத்தியானமே அவரை மேற்கு வார்டுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். பஞ்சு முகம் வாடிவிட்டது. "நாங்க என்னக்கா குறை வச்சோம்?" என்று கேட்டாள்.

இடி ஒன்றும் கேட்கவில்லை. "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று மட்டும் ஒரு குத்துக் குத்திவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "பெரியவரே, இங்கே மணி அடிச்சா பாத்திரம் வராது. நான்தான் வருவேன்."

அப்பா முதல் இரண்டு நாள் அவளைத் திட்டித் தீர்த்தார். மூன்றாம் நாள் திட்டிக்கொண்டே கதவு வரை நடந்தார். அப்புறம் வார்டுச் சுவருக்கு எவனோ கண்ணை மூடிக்கொண்டு பெயிண்ட் அடித்திருக்கிறான் என்று குறை சொல்லியபடி நடை முழுவதும் போய்வந்தார். மகளுக்கு உயிர் வந்தது. அடுத்த தடவை அவள் வரும்போது அப்பா நடையின் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சேர்த்துப் பிடித்தபடி இடியும் தரையில் இருந்தாள்.

"ஒண்ணும் ஆகலை" என்றாள் இடி, வழக்கத்துக்கு மாறான சின்னக் குரலில். "முழங்கால் மடங்குச்சு. இடுப்பைப் பிடிச்சுத்தான் இருந்தேன், மெதுவா இறக்கி உக்கார வச்சேன்." அப்பாவை எழுப்பிக் கட்டிலில் விட்ட பிறகு தோழியைச் சுவரோரம் இழுத்தாள். "நீ சொல்ற மாதிரி எழுதறேன். விழுந்தார்னு எழுதட்டுமா, உக்கார வச்சேன்னு எழுதட்டுமா?"

இந்த மாதம் இன்னும் ஒருவர் விழுந்தால் மேற்கு வார்டு, பொறுப்பு ஆளை மாற்றுவதற்கு வைத்த எல்லையைத் தாண்டும். அது இரண்டு பேருக்குமே தெரியும். தாண்டினால் இடி போவாள், போன கையோடு இங்கேயும் கம்பி உயரும், அப்பாவின் கட்டிலிலும்தான். உட்கார வைத்தது என்று எழுதினால் பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவர் உட்காரத்தான் செய்தார். ஆனால் முழங்கால் தரையில் பட்டால் விழுந்தது என்று சட்டம் போட்டவள் இவள். இதே மாதிரி இறக்கி உட்கார வைத்த எத்தனையோ பேரை விழுந்தவர்களாக எண்ணிச் சிவப்பு அடித்தவளும் இவள். தன் அப்பாவுக்கு மட்டும் சட்டத்தை வளைத்தால் அதுவரை எண்ணியதற்கெல்லாம் என்ன அர்த்தம்? வளைக்காவிட்டால் மட்டும் என்ன அர்த்தம்? இடி பொறுமையாக நின்றாள், அந்தப் பொறுமைதான் தாங்க முடியவில்லை.

"எழுது" என்றாள் கடைசியில். "விழுந்தார்னு எழுது. நான் பெரிய டாக்டர்கிட்ட பேசறேன்."

பேசுகிறேன் என்று சொன்னாளே தவிர என்ன பேசுவது என்று தெரியாமல்தான் போனாள். பெரிய டாக்டர் அவள் கொடுத்த தாளைப் புரட்டினார். இருக்கட்டும், வேண்டாம் என்ற இடங்களில் எல்லாம் அவள் நீள நீளமாக எதையோ எழுதி வைத்திருந்தாள்.

"சிஸ்டர், விழற கணக்கு. இருக்கட்டுமா, வேண்டாமா?"

"எண்ணணும் டாக்டர். ஆனா பலகையில மாட்டக்கூடாது. அதை வச்சு ஆளை மாத்தக்கூடாது."

"எண்ணணும், ஆனா எதுக்கும் பயன்படுத்தக்கூடாது. அப்படியா?"

"பயன்படுத்தணும். ஏன் விழுந்தாங்கன்னு பாக்க. யார் நல்ல நர்ஸுன்னு பாக்க இல்லை."

"அப்ப யார் நல்ல நர்ஸுன்னு எதை வச்சுச் சொல்றது?"

"தெரியலை டாக்டர்."

"எல்லாரையும் நடக்க வச்சு, எல்லாரும் விழுந்து எலும்பை உடைச்சுக்கிட்டா சரியா?"

"அதுவும் சரியில்லை. எவ்வளவு விழலாம்னு எனக்குச் சொல்லத் தெரியலை. ஆனா ஒருத்தர்கூட விழலைன்னா அதுவும் எனக்குப் பயமா இருக்கு." அவள் தாளில் விழுகிற கணக்கு இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "விழுந்தது எங்கப்பா டாக்டர். கிழக்குல படுத்திருந்தப்ப விழவே இல்லை. நிக்கவும் இல்லை."

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பலகை வேண்டியிருந்தது. "இதைவிட நல்ல அளவுகோல் ஒண்ணைக் கொண்டு வாங்க, மாத்திடலாம். அதுவரைக்கும் இது இருக்கட்டும்" என்றார். அவளும், கேவலம், தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

வாரம் முடிவதற்குள் இடியைப் புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மேற்கு வார்டையும் சேர்த்துப் பஞ்சுவின் பொறுப்பில் விட்டார்கள், பூஜ்யம் எடுத்தவள் அவள்தானே. இடி தன் குடையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு போகும்போது இவள் எதிரில் நின்றாள். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எதற்கென்று கேட்பது? எழுதச் சொன்னதற்கா, எழுதவே ஆரம்பித்ததற்கா?

"உங்கப்பாவுக்குப் படி மட்டும்தான் பாக்கி" என்றாள் இடி. "ஏறிட்டார்னா அனுப்பிடுவாங்க. கம்பியை உசத்தறதுக்குள்ள ஏத்திடு. என் மாற்றலை நீ அழுது தடுக்க முடியாது, போய் அதைப் பாரு."

நடையின் கோடியில் பயிற்சிக்கு என்று மரத்தில் செய்த படி இருந்தது, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிற மாதிரி. அன்று சாயங்காலமே அப்பாவை அங்கே நடத்திக் கூட்டிப் போனாள். பஞ்சு வார்டுக்குள் ஒவ்வொரு கட்டிலாகக் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். கம்பி உயர்ந்து மாட்டுகிற சத்தம் ஒன்றன் பின் ஒன்றாக நடை வரை கேட்டது.

அப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நான் விழுந்தா உனக்கு மார்க் குறையுமா?"

"குறையட்டும். நீங்க ஏறுங்கப்பா."

ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி, நல்ல காலை மேலே வைத்து மற்றதை இழுத்துக்கொண்டு ஏறினார். அவள் முதுகு வலியை மறந்து இரண்டு கையையும் விரித்தபடி பின்னாலேயே நின்றாள். உச்சிக்குப் போனதும் அப்பா மேலிருந்து வார்டைச் சுற்றிப் பார்த்தார், ஏணி மேல் நின்று பார்க்கிற பழைய பார்வை. மறுபக்கம் இறங்கும்போது அவள் முன்னால் வந்து நின்றுகொண்டாள். கடைசிப் படியில் கால் மடங்கியது. அவர் அவள்மேல் சாய, அவளால் எடையைத் தாங்க முடியாமல் இரண்டு பேரும் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார்கள்.

பஞ்சு ஓடி வந்தாள். "அக்கா, விழுந்துட்டாரா?"

"ஆமா, விழுந்துட்டார். நானும் விழுந்துட்டேன். எழுதிக்கோ."

"அக்கா, இன்னிக்குத்தான் நான் பொறுப்பு எடுத்தேன். முதல் நாளே எப்படிக்கா எழுதறது?" பஞ்சுவின் கண் கலங்கிவிட்டது. "இவரை இனிமே இறக்க வேண்டாம்க்கா. உங்களுக்கே தெரியும், பலகையில என் பேருதான் வரும். முதல்ல எழுதட்டுமா, தூக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். தூக்கு என்று சொல்ல வந்தாள், பிறகு எழுது என்று சொல்ல வந்தாள், கடைசியில் பஞ்சுவின் பயம் பிடித்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, "சத்தியமா எனக்குத் தெரியலைடி" என்றாள். சொன்னதும் அவளுக்கும் கண்ணீர் வந்துவிட்டது. உன்மேல் தப்பில்லை, சட்டத்தை நான் அவசரப்பட்டுப் போட்டுவிட்டேன், அதை எப்படிப் போட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை என்று என்னென்னவோ சொன்னாள். பஞ்சுவும் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, அப்படியில்லைக்கா, இப்படியில்லைக்கா என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் மரம் கிரீச்சிட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கைப்பிடியைப் பற்றி, யாரும் தூக்காமல், தானே எழுந்து நின்றிருந்தார். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு பாதத்தை முதல் படிமேல் வைத்திருந்தார்.

"பேசி முடிச்சாச்சுன்னா கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார். "நான் வீட்டுக்குப் போகணும்."